உப்பு போடாத கலர் தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குப் பழம் வெட்டக் கற்றுக்கொடுத்தார்கள். பழம் வெட்டவா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நானும் அதைத்தான் கேட்டேன். கோடை விடுமுறை முகாமாம். ஒரு பெண் காதோரம் மைக் மாட்டிக்கொண்டு, தர்பூசணியை நட்சத்திரமாக வெட்டி, பச்சைத் திராட்சையும் ஆரஞ்சுச் சுளையும் மாற்றி மாற்றி மூங்கில் குச்சியில் குத்தி, "இதுதான் ரெயின்போ ஸ்டிக்" என்று தூக்கிக் காட்டினாள். உலகத்தில் முதன்முதலாகப் பழத்தைக் குச்சியில் குத்தியவள் தான்தான் என்கிற மாதிரி. சுற்றி நின்ற அம்மாக்கள் கைதட்டினார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வயதானால் எரிச்சல் வரும் என்று என் மகள் சொல்வாள். வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பத்து வயதிலேயே நான் இப்படித்தான்.

எனக்கும் ஒரு குச்சி கிடைத்தது. வாயில் வைத்தேன். உப்பு இல்லை. கொஞ்சம் உப்பு கிடைக்குமா என்று கேட்டேன். "சால்ட்டே வேணாம் ஆன்ட்டி, ஹெல்த்துக்கு நல்லதில்ல" என்றாள். அவள் மேல் தப்பில்லை. உப்பில்லாத பழம் நாக்கில் பட்டால் எனக்கு யார் யார் மேலோ கோபம் வரும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? குச்சியைக் கையில் பிடித்தபடி மேலே வந்து பால்கனியில் உட்கார்ந்தேன். எதிரே கம்பெனி மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்தில்தான் எங்கள் கிணறு இருந்தது.

நான் சொல்வது எழுபதுகள். அப்போது ஒரகடம் பக்கம் தொழிற்சாலை என்ற சொல்லை நாங்கள் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தோம். கிணறு எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பொது. ஒரு நாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் கட்டியது அக்கா தங்கையை. மணிமங்கலத்தில் ஒரே பந்தலில் தாலி கட்டிக்கொண்டு ஒரே மாட்டுவண்டியில் வந்து இறங்கியவர்கள் என் பெரியம்மாவும் அம்மாவும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்னால் ஒரே தோட்டம். அவர்கள் வீட்டில் சரோஜா, எங்கள் வீட்டில் நான். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே மாதிரி வால்தனம்.

விடுமுறை விட்டால் பெரியம்மா எங்களுக்குக் கலர் தட்டு போடுவாள். அந்தப் பெயர் நாங்கள் வைத்தது. ஒரு பெரிய அலுமினியத் தட்டில் பப்பாளியைக் கட்டம் கட்டமாக வெட்டி ஒரு ஓரம் வைப்பாள். வெடித்த வெள்ளரிப்பழத்தை வெல்லம் போட்டுப் பிசைந்து நடுவில் குவிப்பாள். தோலோடு சீவிய மாங்காய் பச்சைக்கு. நுங்கு வெள்ளைக்கு. சிவப்புக்கு மட்டும் அவளிடம் ஒரு தந்திரம் உண்டு. சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பறித்து, அதன் மேலுள்ள பொடி முள் போகத் தரையில் தேய்த்து, பிழிந்து, அந்தச் சாற்றை நுங்கில் பாதிக்கு மேல் ஊற்றிவிடுவாள். நுங்கு கண்ணைப் பறிக்கிற ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும். பிறகு துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்குச்சியை உருவிக் கழுவி, பச்சை, மஞ்சள், ரோஸ் என்று வரிசையாகக் கோத்துக் கொடுப்பாள். கடைசியில் மேலே உப்பும் மிளகாய்த்தூளும். ரெயின்போ ஸ்டிக்காம். துடைப்பக்குச்சியில் தின்று வளர்ந்த எங்களிடமா?

நல்லது நீடிக்குமா? ஒரு கோடையில் கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனது. எங்கள் முறை நாளில் பெரியப்பா விடியுமுன் மோட்டாரைப் போட்டுத் தன் கத்தரித் தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொண்டார். எங்கள் வேர்க்கடலை காய்ந்தது. முந்தின நாள் தன் முறையில் கரண்ட் இல்லை, அந்தத் தண்ணீரைத்தான் எடுத்தேன் என்றார் பெரியப்பா. கரண்ட் இல்லாததற்கு நானா பொறுப்பு என்றார் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை தீரவேயில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நைனா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கன்னியம்மன் கோவிலுக்குப் போனார். எனக்கு ஏதோ வேண்டுதல், பொங்கல் கிடைக்கும் என்று நானும் துள்ளிக்கொண்டு போனேன். ஊர் ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். எதிரே பெரியப்பாவும் நின்றார். பூசாரி தட்டில் சூடம் கொளுத்தினார். நைனா இடது கையை என் உச்சந்தலையில் வைத்து அழுத்தினார்.

"அவன் வூட்டு உப்பு எங்க வூட்டு ஆளுங்க நாக்குலயோ, எங்க வூட்டு உப்பு அவன் வூட்டு ஆளுங்க நாக்குலயோ பட்டா, இந்தப் புள்ள எனுக்கு இல்ல" என்று சொல்லி, வலது கையால் சூடத்தை அடித்து அணைத்தார்.

சூடம் அணைத்துச் செய்த சத்தியத்துக்கு எங்கள் பக்கத்தில் மறுபேச்சு கிடையாது, மீறினால் கை வைத்த தலை போய்விடும் என்பார்கள். பெரியப்பா சத்தியம் எதுவும் செய்யவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சூட வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலை கூசும். நைனாவுக்கு இரண்டு உழவு மாடு இருந்தது. அதன் மேல் சத்தியம் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. மாடு போனால் வேறு வாங்கவேண்டும். ஒரே பெண்பிள்ளையின் தலை கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது, வைத்துவிட்டார். இதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தோட்டத்தின் நடுவில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வேலி கட்டினார். அக்கா தங்கை பேசக்கூடாது என்று தனியாக ஒரு உத்தரவும் போட்டார். அன்று அம்மா குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தாள். வாயைத் திறக்காமல் சண்டை போடத் தெரிந்தவள் அவள்.

அடுத்த கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம் வேலிக்கு அந்தப் பக்கம் சரோஜா தட்டோடு நின்றாள். அதே கலர் தட்டு. எனக்கு எச்சில் ஊறியது. கூடவே பயமும் வந்தது. கொல்லைக் கதவுக்குப் பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"உப்பு போடலடி. வெறும் பழம். உங்க வூட்டு உப்ப நீயே எடுத்தாந்து தொட்டுக்க."

நான் உள்ளே ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தி என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து சாடியைத் திறந்து என் உள்ளங்கையில் கொஞ்சம் கல்லுப்பு வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். வேலி வழியாகத் தட்டு வந்தது. எங்கள் வீட்டு உப்பில் அவர்கள் வீட்டு மாங்காயைத் தொட்டுத் தின்றேன். தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று அம்மா கொய்யாவைப் பூப்போல வெட்டி வைத்து அனுப்பினாள், அதிலும் உப்பு இல்லாமல்.

கள்ளிப் பழம் காட்டிக்கொடுத்துவிட்டது. சாயங்காலம் நைனா என் வாயைப் பார்த்து நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு ரத்தமாகச் சிவந்திருந்தது. உப்பு போடவில்லை நைனா என்று அழுதேன். அவருக்கும் உள்ளுக்குள் உதறல்தான். அப்படியே பூசாரியிடம் என்னை இழுத்துப் போனார். பூசாரிக்கு இரண்டு வீட்டிலிருந்தும் அறுவடைக்கு நெல் வரும். அவர் நிதானமாக வெற்றிலையை மென்றுவிட்டு, நீ உப்பு என்றுதானே சொன்னாய், பழம் என்று சொல்லவில்லையே, உப்பு சேர்ந்தால்தான் அது சாப்பாடு, சேராதவரை மரத்தில் இருக்கிற பழம் மாதிரிதான் என்று தீர்ப்புச் சொன்னார். நைனாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சத்தியம் செய்தவரே அதன் ஓட்டையையும் மதிக்கவேண்டியிருந்தது. இப்படியாக, கையில் உப்பை மூடிக்கொண்டு போய்ப் பகைவீட்டுப் பழத்தைத் தின்ற பிள்ளை இந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஏற்பாடும் நீடிக்கவில்லை. சரோஜாவும் தன் பங்குக்கு உப்பு வைத்துக்கொண்டு நிற்பாள். அவளுடையதில் மிளகாய்த்தூள் கலந்திருக்கும், என்னுடையது வெள்ளை. ஒரு நாள் புளிப்பில் கண்ணை மூடிக்கொண்டு மென்ற நான், அடுத்த துண்டை அவள் கையிலிருந்த உப்பில் தொட்டுவிட்டேன். நாக்கில் காரம் ஏறியதும்தான் தெரிந்தது. துப்பினேன், சாம்பல் போட்டு நாக்கைத் தேய்த்தேன். சாயங்காலம் காய்ச்சல் கொதித்தது. காலையிலிருந்து உச்சி வெயிலில் நுங்குக் குலைக்குப் பின்னால் ஓடியவளுக்குக் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? அம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை. நான் உளறியதைக் கேட்டு, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கன்னியம்மன் கோவிலைச் சுற்றி வந்தாள். காய்ச்சல் மறுநாளே இறங்கிவிட்டது, அவள் பயம் இறங்கவில்லை. வேலியில் தட்டு வந்து போன இடுக்கை முள் வைத்து அடைத்தது நைனா இல்லை, அம்மாதான்.

அதற்கு அடுத்த வருஷம் பெரியம்மாவுக்குக் காமாலை வந்தது. கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். நாட்டு வைத்தியர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்து, பத்தியம் சொன்னார். உப்பு கூடாது. புளி, எண்ணெய் எதுவும் கூடாது. கஞ்சி, மோர், பழம் மட்டும். சரோஜாவுக்குச் சமைக்கத் தெரியாது. பெரியப்பா கஞ்சியைத் தீய்த்து வைத்துக்கொண்டு விழித்தார். ஆனாலும் தம்பி வீட்டுப் படியேறிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பெண்டாட்டி செத்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது.

அம்மா கேட்கிறவர்களுக்குக் காத்திருக்கவில்லை. குருணைக் கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு புறப்பட்டாள். நைனா வாசற்படியில் நின்றார்.

"உப்பு போடாத கஞ்சி. உங்க சத்தியத்துக்கு ஒண்ணும் ஆவாது. தள்ளுங்க" என்றாள்.

அவர் தள்ளி நின்றார். அந்தச் சத்தியத்தை நினைத்து நான் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

காமாலை இருந்தவரை அம்மா மூன்று வேளையும் அங்கேதான். கஞ்சி கொடுத்துவிட்டு, விடுமுறையில் இருந்த எங்கள் இரண்டு பேருக்கும் பெரியம்மாவுக்கும் சேர்த்து அம்மாவே கலர் தட்டு போட்டாள். தர்பூசணி, நுங்கு, கள்ளிச் சாறு, பன்னீர் திராட்சை. பப்பாளியை மட்டும் சேர்க்கமாட்டாள். ஏன் என்று சரோஜா கேட்டதற்கு, இருக்கிற மஞ்சள் போதும் என்றாள். பெரியம்மா படுத்தபடியே சிரித்தாள். அக்கா தங்கை இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து பேசித் தீர்த்தார்கள். பாதி நேரம் சண்டைதான். தாய்வீட்டுப் பித்தளை அண்டா யாருக்கு வந்திருக்கவேண்டும் என்றுகூட ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். எனக்கு அந்த வீட்டைவிட்டு வரவே மனமில்லை.

கண் வெளுத்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து உப்பு சேர்க்கலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை அம்மா கடைசிக் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன். பெரியம்மா கஞ்சியைக் குடித்துவிட்டுத் தூக்கைத் தராமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"இந்தக் காமால இன்னும் கொஞ்ச நாளு இருந்துருந்தா இன்னாடி கோமளா?"

"வாயக் கழுவு" என்றாள் அம்மா. தூக்கை வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவர்கள் வாசல் தாண்டியதும் என் கை வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். மறுநாள் அந்த வீட்டில் குழம்பு தாளிக்கிற மணம் சுவர் தாண்டி வந்தது. அக்காவுக்கு உடம்பு சரியாகிவிட்டதே என்று சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுதது என் தலைக்காக. என் தலை மட்டும் நடுவில் இல்லாமல் இருந்திருந்தால், எப்போதோ சத்தியமாவது மண்ணாவது என்று போயிருப்பாள். அன்றிலிருந்து எனக்கு என் தலையே பிடிக்காமல் போனது. எண்ணெய் வைக்க வந்தால்கூட ஓடுவேன்.

வருஷங்கள் போயின. சரோஜாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கல்யாணம் ஆனது. பந்தலில் நாங்கள் மூன்று பேரும் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் திரும்பினோம். நான் தாம்பரத்தில் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்தேன். சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை, ஷிப்ட், ஓவர்டைம் எல்லாம் பழகிவிட்டது. எண்பதுகளின் ஒரு மே மாதம், லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். கொல்லையில் துணி காயவைத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் சரோஜாவின் மகன் நின்றான். அரை நிஜார், வாயெல்லாம் கள்ளிப் பழச் சிவப்பு. விடுமுறைக்கு வந்தவனுக்குப் பெரியம்மா கலர் தட்டு போட்டிருக்கிறாள். அவன் ஒரு ஈர்க்குச்சியை முள்ளுக்கு நடுவில் நீட்டினான்.

"சித்தி, துன்னு."

மாங்காய், பப்பாளி, ரோஸ் நுங்கு. மேலே உப்பும் மிளகாய்த்தூளும் மின்னின. அவனுக்கு ஒரு சத்தியமும் தெரியாது. இந்தப் பக்கம் நைனா கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அம்மா கிணற்றடிக்குப் போகக் குடத்தோடு நின்றாள். இரண்டு பேரும் பார்த்தார்கள். நான் குச்சியை வாங்கினேன். வீரம் என்று நினைக்காதீர்கள். பயம் இருந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. என்னுடைய தலையை என்னைக் கேட்காமல் எடுத்து வைத்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார். மாங்காயைக் கடித்தேன்.

"துப்பு" என்றார் நைனா.

மென்று விழுங்கினேன். "உப்பு சரியா கீது நைனா" என்றேன்.

எழுந்து வந்து அறைந்தார். கன்னம் எரிந்தது. அவர் அறைந்த கையைப் பார்த்தேன். அன்று என் தலையில் வைத்தது இடது கை, இது சூடத்தை அணைத்த கை. அப்படியே நின்றுகொண்டு மிச்சத்தையும் தின்று முடித்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போன நைனா இருட்டியபிறகுதான் வந்தார். அம்மா குடத்தைப் போட்டுவிட்டு என் நெற்றியில் கை வைத்தாள். அந்த வாரம் முழுக்க அவள் கை என் நெற்றியைவிட்டு இறங்கவில்லை. கம்பெனிக்குத் திரும்பப் போகவிடவில்லை. தும்மினால் பதறினாள், கொஞ்சம் அதிகம் தூங்கினால் உலுக்கி எழுப்பினாள். நான் நன்றாகத் தின்றேன், துணி துவைத்தேன், அவள் மேல் எரிந்து விழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

தாம்பரத்துக்குக் கிளம்பவேண்டிய அன்று காலை அம்மா கொல்லைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தான் அடைத்த இடுக்கின் முள்ளைத் தானே கையால் இழுத்துப் போட்டாள். அந்தப் பக்கம் பெரியம்மா பேரனுக்கு மாங்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, எனுக்கு ரெண்டு துண்டு குடு" என்றாள் அம்மா.

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை. "உப்பு போட்டதா, போடாததா?" என்று கேட்டாள்.

"போட்டதுதான்."

வாங்கிக் கடித்துவிட்டு, உனக்கு அப்போதும் உப்பு போடத் தெரியாது, இப்போதும் தெரியாது என்று அம்மா திட்டினாள். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. மிளகாய்த்தூள் என்றாள்.

நைனா கடைசிவரை அந்த வீட்டில் வாய் நனைக்கவில்லை. தன் சத்தியத்தைத் தான் ஒருவராகவே காப்பாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அதற்குமுன் கம்பெனிகள் வந்து நிலத்தை எடுத்தபோது, அவரும் பெரியப்பாவும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார்கள், ஆளுக்கொரு மேசையில். கிணற்றை லாரி மண் கொட்டி மூடியதை நான் பார்த்தேன். ஒரு பகல்கூட ஆகவில்லை. அண்ணன் ஒரு கரையில், தம்பி ஒரு கரையில் நின்று பார்த்தார்கள். என் தலையைச் சத்தியத்தில் வைத்தது அந்தக் கிணற்றுக்காகத்தான். எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது, கத்தவில்லை. சரோஜா பெரியம்மாவைச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள், அம்மா என்னோடு வந்தாள். இப்போது இருவரும் இல்லை. கள்ளியும் இல்லை, வேலியும் இல்லை, கன்னியம்மன் கோவில் மட்டும் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் புதுப் பெயின்ட் அடித்து நிற்கிறது.

பால்கனியில் என் கையிலிருந்த குச்சியில் இன்னும் பாதிப் பழம் மிச்சமிருந்தது. எழுந்து சமையலறையில் உப்பையும் மிளகாய்த்தூளையும் ஒரு கிண்ணத்தில் கலந்து எடுத்துக்கொண்டு கீழே போனேன். அந்தப் பெண் என்னை முறைத்தாள். முறைக்கட்டும். ஒரு பொடியன் முதலில் குச்சியைத் தொட்டு நக்கினான், கண்ணைச் சுருக்கினான், திரும்பவும் தொட்டான். பிறகு எல்லாப் பிள்ளைகளும் வந்து மொய்த்துக்கொண்டார்கள். கிண்ணம் காலியாகிவிட்டது. யார் வீட்டு உப்பு என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை.